பிழை நீக்கிய குரல்

என் எழுத்தில் அதிகம் பேர் படித்தது எது என்று கேட்டால், "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்ற வரிதான். அதையும் நான் எழுதவில்லை, பிழை பார்த்தேன், அவ்வளவுதான். மருந்துப் பெட்டிகளும், அவற்றுக்குள் மடித்து வைக்கிற தாள்களும் அச்சாகிற அச்சகத்தில் எனக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. பகலெல்லாம் தலைசுற்றல், குமட்டல், தோல் அரிப்பு என்று பக்க விளைவுகளைப் படித்துக் கண் பூத்துப்போய் வீட்டுக்கு வந்து, மிச்சமிருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு கதை எழுதுவேன். சில தொகுப்புகளும் வந்தன. "கவனிக்கப்பட வேண்டிய எழுத்தாளர்" என்று ஒரு விமர்சகர் எழுதினார். அதற்குப் பிறகு அவரே என்னைக் கவனிக்கவில்லை.

கடைசித் தொகுப்பில் விற்காத கட்டுகளைப் பதிப்பாளர் ஒரு வண்டியில் ஏற்றி என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். குடோனில் இடமில்லையாம். என் வீடு மட்டும் என்ன மைதானமா? இருப்பது ஒன்றரை அறை. கல்யாணம் ஆகி, அது முடிந்தும் போன கதையை வேறொரு இடத்தில் எழுதிவிட்டேன், அதனால் ஆள் நடமாட்டம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் புத்தகக் கட்டைத் தாண்டித் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது. கட்டிலின் கால் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அதற்குப் புத்தகக் கட்டு ஒன்றை முட்டுக் கொடுத்தேன். உயரம் கச்சிதமாகப் பொருந்தியது.

அதைப் பார்த்துத்தான் என் தம்பி முதல்முறையாகப் பாட்காஸ்ட் என்ற பேச்சை எடுத்தான். அவனுக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற தொழில். கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்ஃபோன் தொங்கும். ஊரார் கல்யாணத்தை எல்லாம் பார்த்து அலுத்துப்போய்த் தனக்கு ஒன்று வேண்டாம் என்று இருந்துவிட்டவன்.

"அக்கா, கதை எழுதறவங்க எல்லாரும் இனிமே கதையைச் சொல்லணும். படிக்கறதுக்குக் கண்ணு வேணும், கை வேணும், உக்கார ஒரு இடம் வேணும். கேக்கறதுக்கு ஒண்ணும் வேணாம். பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்கலாம், பஸ்ல தொங்கிக்கிட்டே கேக்கலாம். ஜனங்களுக்குக் கண்ணுதான் பிஸி. காது சும்மாதான் கிடக்கு."

"சும்மா கிடக்கற காதுல பூ சுத்தச் சொல்றியா?"

"கிண்டல் பண்ணாதே. பதிப்பாளர் வேணாம், குடோன் வேணாம். உன் குரல் நேரா அவங்க காதுக்குள்ள போயிடும். நீ பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரியே இருக்கும்."

"நான் பக்கத்துல உக்காந்தா எழுந்து ஓடறவங்கதான் அதிகம்."

"உன் குரல் ஒரு மாதிரி கரகரன்னு இருக்கும்க்கா. ஒரு தடவை கேட்டவங்க மறக்க மாட்டாங்க."

"போடா, வேலையத்தவனே" என்று அவனை அனுப்பிவைத்தேன். எழுதுவது ஒரு வேலை, பேசுவது வேறு வேலை என்பது என் கட்சி. எழுதியதில் தப்பு இருந்தால் அடித்துத் திருத்தலாம். பேசியதை என்ன செய்ய முடியும்?

அவன் சொன்ன அந்தக் கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனது. சளி என்று நினைத்தேன். மிளகு, தேன், வெந்நீர் என்று வீட்டு வைத்தியம் பார்த்தேன். "அறிகுறிகள் நீடித்தால் உடனே மருத்துவரை அணுகவும்" என்ற வாக்கியத்தை ஆயிரம் தாளில் பிழை பார்த்தவள், மருத்துவரை அணுகாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தேன். விழுங்கவே வலித்த பிறகுதான் போனேன்.

டாக்டர் சின்னப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "குரல்வளையில புற்று. முழுசா எடுத்துடணும்மா. வேற வழி இல்ல."

"அப்புறம் பேச்சு?"

"வராது. கழுத்துல ஒரு ஓட்டை வைப்போம், அது வழியாத்தான் மூச்சு. பேசறதுக்குக் கருவி இருக்கு. உங்களுக்கு அது சரிப்பட்டு வருமான்னு இப்பச் சொல்ல முடியாது. வந்தாலும் அது உங்க குரலா இருக்காது."

அடுத்த மாதம் ஆபரேஷன் என்று முடிவானது. வாயாடிக்கு வந்த சோதனையைப் பார் என்று எனக்கே சிரிப்பு வந்தது. பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்ற பிறகுதான் அழுகை வந்தது. சத்தமாகவே அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் ஒதுங்கிப் போய் நின்றுகொண்டாள். எனக்காக அழவில்லை. எங்கள் அம்மாவை நினைத்து அழுதேன்.

அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்று போய்க்கொண்டிருக்கிறது. தம்பியைப் பார்த்தால், "கரண்ட் ரிப்பேருக்கு வந்தியாப்பா? அந்த ஃபேனைப் பாரு" என்பாள். பாவம், அவனும் ஏறி ஃபேனைத் துடைத்துவிட்டு இறங்குவான். நான் வாசலில் போய் நின்றாலும் அதே கதிதான். "யாரு, புது நர்ஸா?" என்று முகத்தைத் தூக்கிப் பார்ப்பாள். ஆனால் நான் வாயைத் திறந்தால் போதும். "என்னம்மா, காலையில சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டியாமே? உனக்கென்ன, ராஜகுமாரின்னு நெனப்பா?" என்று நான் ஆரம்பித்தவுடன் அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். "வாயாடி வந்துட்டாளா! வாடி வா. உன் சத்தம் கேட்டாலே எனக்குப் பாதி வயிறு ரொம்பிடும், மீதியை எப்படிச் சாப்பிடறது?" என்பாள்.

தினமும் மத்தியான இடைவேளையில் ஃபோன் செய்வேன். அச்சகத்தில் எல்லோரும் சாப்பிட, நான் படிக்கட்டில் நின்று அம்மாவோடு சண்டை போடுவேன். எங்களுக்குள் கொஞ்சல் குலாவல் எல்லாம் எந்தக் காலத்திலும் கிடையாது. மாத்திரைக்குச் சண்டை, குளிப்பதற்குச் சண்டை, பக்கத்துக் கட்டில்காரியைப் பற்றி அவள் சொல்லும் பொய்க்குச் சண்டை. அந்தச் சண்டைதான் அவளுக்கு நான். அது நின்றுபோனால், நான் உயிரோடு இருந்தும் அவளுக்கு இல்லை.

விஷயத்தைக் கேட்ட தம்பி கட்டிலில் வந்து உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, ஊருக்காக வேணாம். உன் கதையெல்லாம் உன் குரல்ல பதிஞ்சு வெச்சுடலாம். மத்தியானம் அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம். நீ பேசிக்கிட்டிருக்கேன்னு நெனச்சுக்குவாங்க. அப்படியே ஊரும் கேக்கட்டுமே, நமக்கென்ன நஷ்டம்?"

அம்மா என் கதை ஒன்றைக்கூடப் படித்தவள் இல்லை. "எனக்கு அவ்வளவு பொறுமை ஏதுடி, முடிவை மட்டும் சொல்லு" என்பாள். பரவாயில்லை. கதை புரியாவிட்டால் என்ன, குரல் போய்ச் சேர்ந்தால் போதும். சரி என்றேன். அவன் ஏதாவது செய்வான் என்று ஒரு தெம்புகூட வந்தது.

என் துணி அலமாரியை ஸ்டுடியோ ஆக்கினான். தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு, மைக்கைக் கம்பியில் கட்டினான். கதவைச் சாத்திக்கொண்டால் மாடி வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம்கூடக் குறைந்துவிட்டது. உள்ளே நாஃப்தலீன் உருண்டை வாசனை. முதல் நாள் ஒரு பக்கம் படித்துவிட்டு வெளியே வந்து பதிவைக் கேட்டேன். தூக்கிவாரிப் போட்டது.

"யாருடா இது, தகர டப்பாவை இழுத்துட்டுப் போற மாதிரி?"

"நீதான்க்கா."

"கேக்கறவன் காதுல ரத்தம் வரும்டா."

அன்றிலிருந்து கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக உச்சரித்து, ல வேறு ள வேறு என்று காட்டி. குரலைத் தாழ்த்தி, வலிக்காத ஒரு இடத்தில் வைத்துக்கொண்டேன். வேகமாகப் பேசினால் தொண்டை கீறியது, மெதுவாகப் படித்தால் கீறவில்லை. தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சொன்னான், "கொஞ்சம் சாதாரணமா படியேன்க்கா. நீ பேசற மாதிரி."

"கதைன்னா கதை மாதிரிதான் படிக்கணும். பேசற மாதிரி படிக்கறதுக்கு எதுக்குடா எழுதினேன்?"

படித்து முடித்ததைக் கேட்டுக்கேட்டு, புரூஃப் பார்ப்பது போலவே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இங்கே இருமல், அங்கே எச்சில் விழுங்கும் சத்தம், இந்த வரிக்கு முன்னால் தொண்டையைச் செருமியது, இந்த இடத்தில் தடுமாறிவிட்டு "சீ, சனியனே" என்று என்னையே திட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் குறித்துக் கொடுப்பேன். அவன் வெட்டுவான்.

"மூச்சையும் எடுக்கணுமா?"

"மூச்சு என்ன கதையிலயா இருக்கு? எடு."

"மூச்சே இல்லாம இருந்தா மனுஷங்க பேசற மாதிரி இருக்காதுக்கா."

"நீ வெட்டு. எனக்குத் தெரியும்."

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு, எங்கள் அச்சகத்துப் பழக்கம். திருத்திய தாள் வந்தவுடன் திருத்தாத தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். ஒருமுறை யாரோ சோம்பேறித்தனமாகப் பழைய தாளை மேசையில் விட்டுவைக்க, அதுவே அச்சுக்குப் போய், அரை மாத்திரை என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறு மாத்திரை என்று வந்துவிட்டது. பெட்டிகள் வெளியே போவதற்குள் நல்லவேளையாகப் பிடித்துவிட்டோம். அதிலிருந்து திருத்தாத பிரதியை ஒரு நிமிஷம்கூட விட்டுவைக்க மாட்டேன். அதனால் தம்பி ஒவ்வொரு கதையையும் வெட்டிச் சுத்தம் செய்து முடித்தவுடன், பழையதை என் கண் முன்னால் அழிக்கச் சொல்வேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்கிறானா என்று அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன்.

ஒருநாள் அலமாரிக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். விடுப்பில் இருந்ததால் மத்தியானம் ஆனதே தெரியவில்லை. ஃபோன் அடித்தது. இல்லத்து நர்ஸ். "உங்கம்மா தட்டைத் தள்ளி விட்டுட்டாங்க. நீங்க கூப்பிடலையாம்" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தாள். மைக் ஓடிக்கொண்டிருந்தது, நான் நிறுத்த மறந்துவிட்டேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தேன்.

"தட்டைத் தள்ளினியாமே? கையில அவ்வளவு பலம் இருக்கா? அப்ப எழுந்து நடக்க மட்டும் ஏன் வலிக்குது?"

"நீ ஏன்டி கூப்பிடல? செத்துட்டேன்னு நெனச்சுட்டியா?"

"செத்தா நர்ஸ் சொல்லுவா, நீ சொல்ல வேணாம். மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"பொய். வாயைத் திற, நர்ஸைப் பாக்கச் சொல்றேன்."

"ஐயோ, இவ எங்கிருந்து வந்து பொறந்தா எனக்கு! கசக்குதுடி."

"கசக்கறதுக்குப் பேருதான்மா மாத்திரை. இனிச்சா அதுக்கு வேற பேரு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரித்தால் இருமல் வரும், இருமிக்கொண்டே திட்டினேன். அவள் அங்கே சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் வைத்தேன். வெளியே வந்தால் தம்பி ஹெட்ஃபோனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதை அப்படியே போட்டுடலாம்க்கா. கதையை விட இது பிரமாதமா இருக்கு."

கதையை விடவா? எனக்குச் சுருக்கென்றது. எத்தனை வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுதிய கதை! வரிக்கு வரி தூக்கம் கெட்டு எழுதியதை விட, மாத்திரைச் சண்டை பிரமாதமாம். எழுத்தாளர்களைக் கொல்வதற்கு வெளியாள் வேண்டாம், கூடப் பிறந்தவனே போதும்.

"கதைக்கு நடுவுல எங்க வீட்டுச் சண்டை எதுக்கு? தூக்கு அதை."

"சரி, போட வேணாம். தனியா வெச்சுக்கறேன்."

"வெச்சுக்கவும் வேணாம். நாளைக்கு உன் அவசரத்துல தப்பான ஃபைலை ஏத்திடுவே, ஊரே சிரிக்கும். என் கண்ணு முன்னாடி அழி."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். நான் திருப்தியாக அடுத்த பக்கத்தைப் படிக்க அலமாரிக்குள் போனேன்.

முடிந்த கதைகளை ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றினோம். தம்பி சொன்ன சும்மா கிடக்கிற காதுகள் எல்லாம் எங்கே போயினவோ, கிணற்றில் போட்ட கல்தான். விரல் விட்டு எண்ணும்படியான ஆட்கள் கேட்டார்கள், அதில் நாங்களே இரண்டு பேர். ஒரே ஒருவர் கருத்து எழுதியிருந்தார். "அருமையான உச்சரிப்பு. இது மனிதக் குரலா, கம்ப்யூட்டர் குரலா?" நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு பிழை இல்லை பார்த்தாயா என்று தம்பியிடம் பீற்றிக்கொண்டேன்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒண்ணை அம்மாவுக்குப் போட்டுப் பாக்கலாம்க்கா" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டான். எல்லாம் முடியட்டும் என்றேன். அரைகுறையாக எதையும் யாருக்கும் காட்டும் வழக்கம் எனக்கு இல்லை. கடைசிக் கதையில் ஒரு பத்தி சரியாக வராமல் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தைய மத்தியானம் இரண்டு பேருமாக அம்மாவைப் பார்க்கப் போனோம்.

"அம்மா, நாளையிலேர்ந்து நான் பேச மாட்டேன்."

"ஏன், யாரோட சண்டை?"

"தொண்டையோட."

"நல்லதாப் போச்சு. ஊருக்கே காது வலி தீரும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, ரகசியம் போல, "சும்மாதானே சொல்றே?" என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். தம்பியின் சட்டைப் பையில் ஃபோன் இருந்தது. அதை எடுத்துப் பதிய வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கதைகள்தான் பத்திரமாக இருக்கின்றனவே என்ற நினைப்பு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சொன்னார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு துணி. மூக்குக்கும் வாய்க்கும் வேலை போய்விட்டது. அழுதால்கூடச் சத்தம் வராது, கண்ணில் தண்ணீர் வரும், கழுத்தில் புஸ் புஸ் என்று காற்று வரும். பேசுகிற கருவியை வைத்துப் பார்த்தார்கள், ஒத்துக்கொள்ளவில்லை, புண்ணானது, எடுத்துவிட்டார்கள். ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கித் தந்தான் தம்பி. வாழ்க்கை முழுக்க எழுத்துதான் பெரிது என்று சொன்னவளுக்கு எழுத்து மட்டுமே மிச்சமானது.

நடக்கத் தெம்பு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் போனோம். வழக்கம் போல, "யாரு, புது நர்ஸா?" என்றாள். அந்த இடத்தில் நான் பேச வேண்டும். பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தம்பி அவசர அவசரமாக ஒரு சின்ன ஸ்பீக்கரை மேசையில் வைத்து முதல் கதையைப் போட்டான். என் குரல் அறை முழுக்க வந்தது. சுத்தமாக, ஒரு செருமல் இல்லாமல், ஒரு மூச்சு இல்லாமல். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ மாறும், இதோ மாறும் என்று.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ரேடியோவா? யாரோ நல்லா படிக்கறாங்க" என்றாள்.

"யாருன்னு தெரியலையாம்மா?" என்று தம்பி குனிந்து கேட்டான். "நல்லாக் கேளு. யார் குரல்?"

"படிச்சவங்க போல இருக்கு. ஃபேனைப் பாத்தியாப்பா?"

வேறொரு கதை போட்டான், அதற்கடுத்ததையும் போட்டான். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டாள். என் பேரைச் சொல்லி, உன் பொண்ணு, வாயாடி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். "அவ எப்ப வருவா?" என்று எங்களையே திருப்பிக் கேட்டாள்.

அன்றிலிருந்து அவன் பைத்தியம் பிடித்தவன் போல அலைந்தான். அழித்ததை மீட்டெடுக்கத் தெரிந்தவனிடம் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த இடத்தின் மேலேயே நாலைந்து கல்யாண வீடியோக்கள் ஏறி உட்கார்ந்துவிட்டனவாம், ஒன்றும் தேறவில்லை. குடும்ப வீடியோக்களைத் தோண்டினான். எல்லாவற்றிலும் நான் வாயைத் திறந்து யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறேன், ஆனால் பின்னால் பாட்டு ஓடுகிறது. பேச்சுச் சத்தத்தை அழித்துவிட்டுப் பாட்டைப் போட்டவன் அவனேதான். ஃபோனில் குரல் செய்தி அனுப்புவது சோம்பேறிகள் வேலை என்று சொல்லித் திரிந்தவள் நான், அதனால் அதுவும் இல்லை.

கடைசியாக, இருக்கிற கதைப் பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அந்தக் குரலிலேயே புதிதாகப் பேசவைத்துக் கொண்டுவந்தான். "அம்மா, மாத்திரை போட்டுக்கிட்டியா?" என்று அது கேட்டது. திருத்தமாக, அன்பாக.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாங்க்லேர்ந்தா? எனக்குக் கணக்கே இல்லையேம்மா" என்றாள்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து தம்பி அழுதான். "நீ என்ன சொன்னாலும் நான் ஒரு காப்பி வெச்சிருக்கணும்க்கா. எங்க தொழில்ல யாரும் அப்படி அழிக்க மாட்டாங்க. உன் திட்டுக்குப் பயந்து அழிச்சுட்டேன்." நான் பலகையில் "என் தப்பு" என்று எழுதிக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவில்லை. பார்க்காதவனைக் கூப்பிட எனக்கு வழி இல்லை, தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராகப் பலகையைப் பிடித்தேன். இன்னும் பெரிதாக அழுதான்.

ஸ்பீக்கரை அம்மாவின் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். சில வாரம் கழித்து நான் தனியாகப் போனபோது வாசலிலேயே நர்ஸ் பிடித்துக்கொண்டாள். "உங்கம்மா இப்பல்லாம் மத்தியானம் கதை போட்டாத்தான் சாப்பிடறாங்க. ஒரு வம்பு இல்ல. தட்டைத் தள்றது இல்ல. கேட்டுக்கிட்டே சமத்தா மாத்திரை போட்டுக்கறாங்க" என்றாள். தம்பி சொன்னது பலித்துவிட்டது. எனக்கு ஒரு நேயர் கிடைத்துவிட்டாள்.

உள்ளே என் கதை ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மரியாதையாக நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. இந்தம்மா கதை கேட்டிருக்கீங்களா? என்னமா படிக்கறாங்க! ஒரு இடத்துல பிசிறு இல்ல."

தலையாட்டினேன்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. கதை எழுதுவாளாம். இந்தம்மா மாதிரி அவளுக்குப் படிக்க வராது. வாயைத் திறந்தாலே சண்டைதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. தட்டில் இருந்த சோற்றை விரலால் ஓரமாகத் தள்ளினாள். "இப்பல்லாம் ஃபோன் பண்றதில்ல. நான்தான் ஏதோ சொல்லிட்டேன் போல. என்ன சொன்னேன்னு ஞாபகம் வரல. கோவமா இருக்கா."

பலகையை எடுத்து, "அவளுக்குக் கோவம் இல்ல" என்று எழுதினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

அழித்துவிட்டு, "நான்தான் உன் பொண்ணு" என்று பெரிதாக எழுதினேன். படித்தாள். என் கையில் தட்டிக்கொடுத்தாள்.

"இங்க எல்லாருமே அப்படித்தான்மா சொல்றாங்க. அந்த நர்ஸ் பொண்ணும் சொல்லுவா, பெருக்கற பொண்ணும் சொல்லுவா. பாசமா சொல்றீங்க, நல்லா இருங்க. ஆனா அவ பேசுவாளே."

அழுகையை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணைத் துடைக்கலாம், கழுத்தை என்ன செய்வது? காற்று ஓட்டை வழியாகப் புஸ் புஸ் என்று வேகமாக அடித்தது. ஸ்பீக்கரில் நான் ஒரு நீளமான வாக்கியத்தை நடுவில் எங்கும் மூச்சு வாங்காமல் அழகாகப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு என் கழுத்துப் பக்கம் பார்த்தாள்.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்கம்மா. கதை கேக்கல."

நான் எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.